முழு ஒப்பு

காலையில் குறிப்பகத்தின் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது சுவரில் இருக்கும் ஒப்பளவுப் பலகையைத்தான். முந்தின நாள் எவ்வளவு படித்தோம் என்பது அதில் இருக்காது. அது யாருக்கும் முக்கியமில்லை. படித்த மூன்று பேரும் ஒன்றுபோலப் படித்தார்களா என்பது மட்டும் இருக்கும். எங்கள் தூத்துக்குடிக் குறிப்பகம்தான் மாநிலத்தில் முதலிடம். அதற்குக் காரணம் மதிப்பீட்டாளர் ஜெசிந்தா என்று மேலிடத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த ஜெசிந்தா நான்தான். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

எட்டு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். பேச்சிக்கனி வரும்போதே வாயில் ஏதாவது மென்றுகொண்டு வருவாள். ஆறுமுகநயினார் உட்காருவதற்கு முன் நாற்காலியைத் துண்டால் தட்டுவார். ஷீபா யாரோடும் பேசாமல் திரையை இயக்கிவிடுவாள். இந்த மூன்று பேரும் ஓர் அணி. அணியிலுள்ளவர்கள் ஒருவர் திரையை ஒருவர் பார்க்க முடியாதபடி நடுவில் தடுப்பு இருக்கும். இப்படி நான்கு அணிகள் என் பொறுப்பில் இருந்தன.

வேலை இதுதான். வாக்குக்கூடத்தில் யாராவது வந்து தன் குறையைச் சொல்லுவார். அப்படி வாயால் சொல்வதற்குத்தான் வாக்கு என்று பெயர்; அது வாக்கியம் வாக்கியமாகப் பிரிந்து எங்கள் திரைக்கு வரும். பக்கத்தில் பொருள்மரம் நிற்கும். ஆங்கிலத்தில் ஆன்டாலஜி என்பார்கள். உலகத்தில் மனிதன் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் கிளை கிளையாகப் பிரித்து வைத்த பட்டியல் அது. குறிப்பாளர் வாக்கியத்தைப் படித்து, அது எந்தக் கிளையில் சேரும் என்று தொட வேண்டும். மூவரும் ஒரே கிளையைத் தொட்டால் முழு ஒப்பு. இரண்டு பேர் ஒத்துப்போனாலும் ஏற்றுக்கொள்வார்கள். மூன்று பேரும் மூன்று கிளையைத் தொட்டால் அந்த வாக்கியம் கழிந்தது. கழிந்தது என்றால் சட்டப்படி அது சொல்லப்படவே இல்லை.

இதைக் கேட்டு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்களுக்கு எங்கள் பாடு தெரியாது. ஒரு காலத்தில் ஒரு ஆள் தன் மெஷினைத் தட்டிவிட்டு மத்தியானத்துக்குள் லட்சம் மனு அனுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றும் கண்ணீர் விட்டு எழுதினதுபோல இருக்கும். இல்லாத தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்றும், பிறக்காத பிள்ளைக்குக் காய்ச்சல் என்றும் வந்து குவிந்தன. எதை நம்புவது? கடைசியில் எழுத்தையும் ஒலிப்பதிவையும் மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். ஒரு மனிதன் கூடத்தில் நின்று வாயால் சொல்ல வேண்டும், மூன்று மனிதர்கள் படித்துக் கிளையில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பகிர்வி என்ற பெரிய இயந்திரம் அதைப் பார்க்கும். ஆம்புலன்ஸ் அனுப்புவதும், அரிசி அனுப்புவதும், போலீஸ் அனுப்புவதும் அதன் வேலை. அது சொற்களைப் படிக்காது, கிளையை மட்டும் படிக்கும்.

அப்படியென்றால் குறிப்பாளர் சரியாகக் குறித்தாரா என்று எப்படித் தெரியும்? அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சரியான விடை என்று ஒன்று யாரிடமும் இல்லை. அதனால் ஒப்பை அளந்தோம். மற்ற இருவரோடு அடிக்கடி ஒத்துப்போகிறவர் நல்ல குறிப்பாளர். அடிக்கடி விலகிப்போகிறவருக்கு ஸ்கோர் இறங்கும், ரொம்ப இறங்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து யோசித்து வைத்த முறை அது.

அந்த வாரம் தயாபரன் சார் சென்னையிலிருந்து அழைத்திருந்தார். மாநிலத்துக் குறிப்பகங்களுக்கெல்லாம் அவர்தான் மேலாளர். "உங்க ஆளுங்க பொருள்மரத்தை எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு மத்த ஊருக்காரங்களுக்கு நீங்க ஒரு வகுப்பு எடுக்கணும், ஜெசிந்தா" என்றார். சரி சார் என்றேன். என்ன புடவை கட்டிக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மதினி வந்தாள். என் அண்ணன் அமல்தாஸின் மனைவி, கிளாரா மதினி. குறிப்பகத்துக்குள் வெளியாட்கள் வரக்கூடாது என்பதால் காவலாளி கேட்டிலேயே நிறுத்தியிருந்தான். தலைகூடச் சீவாமல் வந்திருந்தாள். அண்ணன் நண்டு வலை எடுக்கத் தனியாக வள்ளத்தில் போய் இன்னும் திரும்பவில்லை என்பதும், மதினி வாக்குக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். தேடுகிற படகு போயிருக்கும், அண்ணன் வந்துவிடுவான் என்ற நினைப்பில் இருந்தேன்.

"படகு போகல ஜெசி," என்றாள் மதினி. "இதுவரைக்கும் ஒண்ணும் போகல. காலம்பற பகிர்வி அனுப்பிச்சுன்னு ஒரு பிள்ள வீட்டுக்கு வந்திச்சு. கையில மெழுகுவத்தி, ஒரு பூங்கொத்து. ‘மனசத் தேத்திக்கிடுங்க’ன்னு சொல்லுது. எனக்கு வந்த ஆத்திரத்துல பூவப் பிடுங்கி வெளிய எறிஞ்சிட்டேன். உசுரோட இருக்க ஆளுக்கு எதுக்கு மெழுகுவத்தி? உங்க ஆளுவ என்னத்தப் போட்டு வச்சிருக்காவ?"

"கூடத்துல நீங்க என்ன சொன்னீங்க மதினி?"

"உள்ளதத்தான் சொன்னேன். நேத்து விடியக்காலம் ஒயர்லெஸ்ல பேசினாவ. ‘எஞ்சின் நின்னுட்டு, நீரோட்டம் தெக்க இழுக்கு, தண்ணி கேன்ல இருக்கு, பயப்படாத’ன்னாவ. அதுக்குப் பொறவு பேட்டரி போயிட்டோ என்னமோ, சத்தமே இல்ல."

மதினியிடமிருந்து ரசீது எண்ணை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். தூத்துக்குடிப் பேச்சு மற்ற ஊர்க் குறிப்பாளர்களுக்குப் பிடிபடாது என்று எங்கள் கரை வாக்குகள் எல்லாம் எங்களிடமே வரும். எண்ணைப் போட்டதும் திரையில் வந்தது. ‘ஒயர்லெஸ்ல பேசினாவ’ என்பதிலிருந்து ‘பயப்படாத’ வரைக்கும் ஒரே வாக்கியமாக இருந்தது. எதிரே கிளை: துக்கம், அதற்குள் இழப்பு, அதற்குள் இறந்தவர் குரல் கேட்டல். பேச்சிக்கனி அணி. மூன்றுக்கு மூன்று, முழு ஒப்பு.

அது எப்படி வந்தது என்று எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கடல் ஏறி ஊருக்குள் வந்த வருஷத்தில் எத்தனையோ ஆண்கள் போய்விட்டார்கள். அப்போது குரல்நகல் என்று ஒரு வியாபாரம் கிளம்பியது. செத்தவர் பேசின நாலு வார்த்தை இருந்தால் போதும், அதே குரலில் தினமும் பேசும் ஒரு பெட்டியைச் செய்து கொடுத்துவிடுவார்கள். கரையோரத்தில் வீட்டுக்கு வீடு அந்தப் பெட்டி இருக்கிறது. கூடத்துக்கு வருகிற விதவைகள் ‘நேத்து அவுக பேசினாவ, சாப்பிட்டியான்னு கேட்டாவ’ என்பார்கள். முதலில் குறிப்பாளர்கள் திணறினார்கள், ஒப்பு சரிந்தது. பிறகு அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. கடல், புருஷன், பேசினாவ, இந்த மூன்றும் ஒரு வாக்கியத்தில் வந்தால் துக்கம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகப் படிந்தது, பலகையில் எண் ஏறியது.

தவறைத் திருத்த எனக்கு அதிகாரம் இருக்கிறது. ஒப்பு குறைந்த வாக்கியங்களை மட்டும் நான் திறந்து மறுபடி படிக்க அனுப்பலாம். முழு ஒப்பு வந்த வாக்கியத்தில் எனக்குப் பொத்தானே கிடையாது. அந்த இடத்தில் ஒரு பச்சைக் கோடு மட்டும் இருந்தது. விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.

கேட்டுக்குத் திரும்பி வந்து, "மறுபடி போய்ச் சொல்லுவோம் மதினி" என்றேன். "இந்தத் தடவை நான் சொல்லித்தர்ற மாதிரி சொல்லுங்க. பேசினாவ, கேட்டாவங்கிற பேச்சே வேண்டாம். கடல் மீட்பு தேவை. ஒரு நபர் உயிருடன். படகு எஞ்சின் கோளாறு. அவ்வளவுதான்."

"உங்க அண்ணன் பேரச் சொல்லாண்டாமா?"

"ஒரு நபர்னு சொல்லுங்க."

வழி முழுக்க மதினி அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கூடத்துக்குள் நான் போக முடியாது. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு, மறதி வராமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவது தெரிந்தது. சொல்லி முடித்ததும் மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. இயற்கைப் பேச்சு அல்ல, இயந்திரம் எழுதிக் கொடுத்ததாக ஐயம். வாரம் முடியும்வரை இவர் பெயரில் வாக்கு ஏற்கப்படாது. அழுதுகொண்டு சொன்னால் துக்கம், அழாமல் சொன்னால் மோசடி. எங்கே போய் முட்டிக்கொள்வது?

மதினி வெளியே வந்து, "சரியாத்தான சொன்னேன் ஜெசி? ஒண்ணும் விட்டுப்போகலலா?" என்றாள்.

"சரியாத்தான் சொன்னீங்க" என்றேன். அவள் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டிப்போனேன். வேறென்ன செய்ய?

கரையில் ஆண்கள் சும்மா இருக்கவில்லை. ஆனால் அண்ணன் போன பிறகு மழைக்காலத் தடை வந்துவிட்டது. தடைக்காலத்தில் பகிர்வியின் இசைவு இல்லாமல் எந்த எஞ்சினும் உயிர்பெறாது; சாவியைத் திருகித் திருகிக் கை வலித்ததுதான் மிச்சம். துடுப்புப் போட்டே போய்விடுவோம் என்று எட்டுப் பேர் இரண்டு வள்ளத்தில் கிளம்பிப் போனார்கள். கடல் அவர்களை ஒரு நாழிகைகூட விடவில்லை. திரும்பி வந்தபோது ஒருவனுக்கு நெற்றி பிளந்திருந்தது. "மன்னிச்சுக்க தாயி" என்று அவன் மதினியிடம் சொன்னான். அவள் தன் முந்தானையைக் கிழித்து அவன் தலையில் கட்டினாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பேச்சிக்கனி அணியின் மூவரையும் பின்பக்கம் கூட்டிப்போனேன். ஏன் அந்தக் கிளையைத் தொட்டாய் என்று குறிப்பாளரைக் கேட்கக்கூடாது, அது விதி. காரணம் எங்கேயும் பதிவாகாது, பதிவானால் ஒருவர் காரணம் இன்னொருவரைக் கெடுத்துவிடும் என்பார்கள். விதியாவது மண்ணாவது என்று கேட்டேவிட்டேன்.

பேச்சிக்கனி சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "அக்கா, கோவிச்சுக்கிடாதிய. அந்த வாக்கியம் எனக்கு ஞாபகம் இருக்கு. தண்ணி கேன்ல இருக்குன்னு எந்தக் குரல்நகல் சொல்லும்? அவரு உசுரோட இருக்காருன்னுதான் நான் படிச்சேன்."

"அப்புறம் ஏன் துக்கத்தில போட்ட?"

"நயினார் அண்ணாச்சியும் ஷீபாவும் துக்கத்துலதான் போடுவாக. நான் மட்டும் மீட்புல போட்டா ரெண்டுக்கு ஒண்ணு. என் ஸ்கோர்தான் போகும், அந்த வாக்கியத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்ல. போன மாசமே எனக்கு ரெண்டு எச்சரிக்கை வந்தாச்சுன்னு உங்களுக்குத் தெரியும்லா. நீங்கதான அனுப்பினிய."

நான் ஆறுமுகநயினாரைப் பார்த்தேன். அவர் பேச்சிக்கனியையே பார்த்துக்கொண்டிருந்தார், பேயறைந்த மாதிரி.

"நீ மீட்புன்னா படிச்ச?" என்றார் அவளிடம். "அடப்பாவி. நானும் அப்படித்தான படிச்சேன். நீ துக்கம்னு போடுவன்னு நெனச்சுல்லா போட்டேன்."

ஷீபா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவள் எதையும் சொல்லத் தேவைப்படவில்லை.

மூன்று பேரும் ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறான் என்று படித்திருக்கிறார்கள். மூன்று பேரும் அவன் செத்துவிட்டான் என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூட எழுதினதை நம்பவில்லை, ஆனாலும் முழு ஒப்பு. இத்தனை வருஷமாக நான் அளந்துகொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாக்கியத்தை யாரும் குறிக்கவில்லை. பக்கத்து ஆளைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, கோபப்படுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

தயாபரன் சாரை அழைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"முழு ஒப்பு வந்திருக்கே, ஜெசிந்தா" என்றார்.

"மூணு பேரும் வேற மாதிரி நினைச்சாங்க சார். என்கிட்டயே சொல்றாங்க."

"இப்ப சொல்றாங்க. நீங்க அந்த ஆளோட தங்கை, அவங்க மதிப்பீட்டாளர். நீங்க கேட்டா வேற எப்படிச் சொல்வாங்க? உங்க வருத்தம் எனக்குப் புரியாம இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. மூணு பேர் ஒத்துக்கிட்டதை ஒரு உறவுக்காரங்க சொல்லி மாத்தலாம்னு விட்டா, நாளைக்கு இந்த மாநிலத்துல எதை நம்புவீங்க?"

"ஒரு ஆள் கடல்ல கிடக்கான் சார். ஒரு படகு அனுப்புங்க. இல்லைன்னா அப்புறம் என்னை வேலையை விட்டு எடுத்துக்கோங்க."

"படகு அனுப்ற அதிகாரம் என்கிட்ட எங்க இருக்கு? பகிர்விக்கு நானும் வாயால சொல்லித்தான் ஆகணும். அந்த மூணு பேரும் நினைச்சது வேறன்னா, முறைப்படி கூடத்துல போய் வாக்குக் கொடுக்கச் சொல்லுங்க. அதுதான் வழி." கெட்டவர் இல்லை அவர். உண்மையிலேயே அதுதான் வழி என்று நம்பினார்.

அதையும் செய்தோம். நாங்கள் நான்கு பேரும் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போனோம். ஒவ்வொருவராக உள்ளே போய், தான் ஒன்று நினைத்து வேறொன்று குறித்ததைச் சொன்னார்கள். நான் கடைசியாகப் போய், என் அண்ணன் உயிரோடு இருக்கிறான், முறை தப்பாகிவிட்டது, தயவுசெய்து படகு அனுப்புங்கள் என்று சொன்னேன். எங்கள் ஆட்களின் வாக்கு எங்களுக்கே வரக்கூடாது என்பதால் அது திருநெல்வேலிக்குப் போயிற்று. அங்கே யாரோ மூன்று பேர் தடுப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தார்கள். ‘தப்பாக் குறிச்சிட்டேன்’ என்று குறிப்பாளர் ஒருவர் புலம்பினால் மற்றவர்கள் என்ன போடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை எங்கள் போனில் செய்தி வந்தது. வாக்கு ஏற்கப்பட்டது, முழு ஒப்பு. கிளை: உடல்நலம், அதற்குள் பணிச்சோர்வு. எங்கள் நான்கு பேருக்கும் வாரம் முடியும்வரை கட்டாய ஓய்வு, யோகா வகுப்புக்கு இலவச அனுமதி. பேச்சிக்கனி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது, ஷீபா முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஓய்வு நாட்களில் நான் மதினி வீட்டிலேயே இருந்தேன். ஒயர்லெஸ்ஸைத் திறந்தே வைத்திருந்தோம். அதிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கும். சில சமயம் மதினி, "இப்ப ஒரு பேச்சு கேட்டுச்சுலா?" என்பாள். நான் காதைக் கிட்டக் கொண்டுபோவேன். இல்லை என்று சொல்ல மனம் வராது, ஆமாம் என்று சொல்லவும் பயம். அண்ணனைச் சின்ன வயதிலிருந்து தெரியும் எனக்கு. கேனில் இருக்கிற தண்ணீரைக் கணக்குப் பார்த்துத்தான் குடிப்பான், அவசரப்பட மாட்டான். யாராவது வருவார்கள் என்று இருப்பான். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

வாரக் கடைசியில் ஒரு சரக்குக் கப்பல் வள்ளத்தைக் கண்டுபிடித்து இழுத்து வந்தது. அண்ணன் அதில் இருந்தான். சட்டையைக் கழற்றித் துடுப்பில் கட்டி நிறுத்தியிருந்தான். கேன் காலியாக இருந்தது. டாக்டர் ஒரு இளம் பெண், என்னைத் தனியாக அழைத்து, "இவர் உயிர் போய் ஒரு நாளுக்கு மேல ஆகியிருக்காதும்மா" என்றாள். சொன்ன பிறகு சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தவளாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், மதினியின் தடையும் எங்கள் ஓய்வும் முடிந்திருந்தன. அவள் யாரிடமும் சொல்லாமல் கூடத்துக்குப் போயிருக்கிறாள். நான் குறிப்பகத்தில் இருந்தேன். வந்து விழுகிற வாக்குகளை எந்த அணிக்குக் கொடுப்பது என்பது என் பொறுப்பு. பெயர் இருக்காது, குரல் இருக்காது, வெறும் வாக்கியம்தான். படித்ததும் அவள் என்று தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம்.

‘எம் வீட்டுக்காரவ உசுரோட இருக்காவன்னு நான் வந்து சொல்லியும் அதக் கண்ணால படிச்சுப் பாத்துட்டு நீங்க எல்லாருமாச் சேர்ந்து அவுகளச் சாவ விட்டுட்டிய.’

அதை வேறு எந்த அணிக்குக் கொடுத்தாலும் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். புருஷன் செத்த பெண் ஊரைத் திட்டுகிறாள், துக்கத்தில் பழிசொல்லல், மூன்றுக்கு மூன்று. இன்னொரு மெழுகுவத்தி வரும். அதனால் அதைப் பேச்சிக்கனி அணிக்குத் தள்ளினேன். தள்ளிவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன்.

"வாக்கியம் வந்திருக்கு, படிச்சிருப்பீங்க" என்றேன். "யாரு என்ன போடுவாங்கன்னு யோசிக்காதீங்க. ஸ்கோர் போனா நான் பாத்துக்கிடுதேன். படிச்சது எதுவோ அதைப் போடுங்க. இது ஒண்ணையாவது."

மூவரும் வெகுநேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆறுமுகநயினார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஷீபா கிளை கிளையாக இறங்கிப்போய், திரும்பி வந்து, மறுபடி இறங்கினாள். அந்த மரத்துக்குள் அவ்வளவு ஆழத்துக்கு எங்கள் ஆட்கள் போய் நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது, அதை மறைக்க முடியாது. இது பதிவாகிவிட்டால் விசாரணை வரும், விசாரணை வந்தால் இந்த முறையே தலைகீழாகும், இன்னொருத்தி வீட்டுக்கு மெழுகுவத்தி போகாது. மதினி சொன்னது வீண்போகாது.

மூன்று பேரும் தொட்டு முடித்தார்கள். என் திரையில் வந்தது.

பேச்சிக்கனி கொலை என்று வைத்திருந்தாள். குற்றம், அதற்குள் உயிர்க்குற்றம், அதற்குள் கொலை. ஆறுமுகநயினார் கடமை தவறல் என்று வைத்திருந்தார், ஏனென்றால் யாரும் கொல்ல நினைக்கவில்லை, செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. ஷீபா சாட்சியம் என்று வைத்திருந்தாள். அந்தப் பெண் பழி சொல்லவில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லுகிறாள் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. மூன்றும் உண்மைதான். மூன்று பேரும் மனசாட்சிப்படி படித்திருக்கிறார்கள். ஒப்பு சுழி. திரையில் அந்த வாக்கியம் நரைத்து, அடியில் கழிந்தது என்று விழுந்தது.

"அக்கா, நான் மாத்திருதேன்" என்று பேச்சிக்கனி எழுந்துவிட்டாள். "அண்ணாச்சி போட்டதையே நானும் போட்டுருதேன். ரெண்டு பேரு ஆயிரும்லா?"

தொட்ட பிறகு மாற்ற முடியாது என்று அவளுக்கே தெரியும். ஒப்பு குறைந்த வாக்கியத்தைத் திறக்க எனக்குப் பொத்தான் இருக்கிறது என்ற நினைப்பில் கையைக் கொண்டுபோனேன். நான் அந்த வாக்கைச் சொன்னவரின் உறவு என்று போன வாரம் நானே கூடத்தில் சொல்லிவிட்டேனே, என் அதிகாரத்தை அதிலிருந்து எடுத்திருந்தார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் குறிப்பகம் விட்டு வெளியே வந்தால், கேட்டில் மதினி நிற்கிறாள். கறுப்புச் சேலை கட்டியிருந்தாள். போனை என் கையில் கொடுத்தாள்.

"கூடத்துல இருந்து என்னமோ வந்திருக்கு. கண்ணாடி கொண்டுவரல. படி."

தங்கள் பெயரில் இன்று வாக்கு எதுவும் பதிவாகவில்லை, கூடத்தைப் பயன்படுத்தியதற்கு நன்றி என்று இருந்தது. படித்துக் காட்டினேன். பொய்யாக வேறு ஏதாவது படித்திருக்கலாம். அந்த நேரத்துக்கு வாய் வரவில்லை.



"நான் காலம்பற போய்ப் பேசினேன்லா ஜெசி?"

"பேசினீங்க மதினி."

"சத்தமாத்தான் பேசினேன். நின்னு பேசினேன்." போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "அப்ப நான் யாருட்டப் பேசினேன்?"